கிழங்கின் சவ்வும் மனிதனின் வாயும்

மரவள்ளிச் செடி தன் நஞ்சை நஞ்சாகச் சேர்த்து வைப்பதில்லை. அதன் செல்களுக்குள் வாக்குவோல் எனப்படும் சாற்றுப்பையில் லினமாரின் என்ற சேர்மம் கரைந்திருக்கிறது. அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதி பெரும்பாலும் செல்சுவரில் தங்கியிருக்கிறது. இரண்டும் சேராமல் தடுப்பவை இரண்டு சவ்வுகள்: சாற்றுப்பையைச் சூழ்ந்தது ஒன்று, செல்லைச் சூழ்ந்தது மற்றொன்று. ஒவ்வொன்றின் தடிமனும் ஏழெட்டு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட சவ்வுகள் வேண்டும். பல் பட்டு இவை கிழியும்போதுதான் லினமாரினும் நொதியும் கலக்கின்றன. லினமாரின் உடைந்து குளுக்கோஸும் அசிட்டோன் சயனோஹைட்ரினும் ஆகிறது. பின்னது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுகிறது. கடிபடாத கிழங்கில் தனித்த சயனைடு கிட்டத்தட்ட இல்லை. கடிக்கும் செயல்தான் அதைப் பிறப்பிக்கிறது.

தாவரத்தை உண்பது ஓர் உயிருக்குச் செய்யும் தீங்குதானா என்ற கேள்வி இந்தியச் சமயங்களுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு. அதில் இரு தரப்பும் பொதுவாக மரத்தையும் புல்லையும் நெல்லையும் சாட்சிக்கு அழைத்தன. மரவள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பஞ்சம் தீர்க்கும் பயிராகப் பரப்பினார். ஆகவே பழைய நூலோர் எவரும் அதை அறிந்திருக்க வழியில்லை. ஆனால் காயமும் அதற்கான எதிர்வினையும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் நடக்கும் செடி என்பதால், அந்தப் பழைய வழக்கை மறுபடி விசாரிக்க இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைப்பது அரிது.

இந்தச் சாட்சி விளையும் சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், சுவேத நதியை ஒட்டியிருக்கிறது தம்மம்பட்டி. வெளியூரார்க்கு இவ்வூர் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களால் அறிமுகம். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் மாறி மாறி வரும். இங்கே மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று நாமக்கல் பக்கம் வரை நீளும் இந்தப் பட்டையில் ஆடு வளர்ப்போர் அனைவருக்கும் ஒரு விஷயம் தெரியும்: மரவள்ளித் தழையை வயிறு முட்ட மேய்ந்த ஆடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழும். இலையில் கிழங்கின் சதையைவிட லினமாரின் அதிகம். கிழங்கின் தோலிலும் அப்படியே.

மனித வாய்க்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. செல்லின் சவ்வு தாவரத்திலும் விலங்கிலும் ஒரே அமைப்புடையது: கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று, நீர் விரும்பும் தலையை வெளியேயும் நீரை வெறுக்கும் வாலை உள்ளேயும் வைத்துக்கொள்கின்றன. 1925இல் கோர்ட்டரும் கிரென்டலும் சிவப்பணுக்களைக் கொண்டு இந்த ஈரடுக்கை ஊகித்தார்கள். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் அதில் புரதங்கள் மிதந்து நகர்வதாக விளக்கினார்கள். கிழங்கின் சவ்வில் சிட்டோஸ்டெரால், நாக்கின் சவ்வில் கொலஸ்டிரால் என்பது போன்ற சில்லறை வேறுபாடுகள் உண்டு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பிரிந்த இரு கிளைகளுக்கிடையே இது சொற்பம். சுவை என்பதே சவ்வில் நடக்கும் நிகழ்ச்சி. நாக்கின் சுவைமொட்டுச் செல்கள் தங்கள் நுனிச் சவ்வில் ஏற்பிகளை நீட்டிவைத்திருக்கின்றன. கசப்புக்கு மட்டும் சுமார் 25 வகை. அவற்றில் ஒன்று, லினமாரின் சேர்ந்திருக்கும் குளுக்கோசைடு வகைச் சேர்மங்களுக்கு இசைவானது. கசக்கும் கிழங்கைத் துப்பிவிடும் வழக்கத்தின் அடியில் இந்த ஏற்பி இருக்கிறது. கசப்பு நஞ்சின் அளவைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. கிழங்கில் வேறொரு கசப்புச் சேர்மமும் உண்டு. ஆனால் எச்சரிக்கைக்கு அந்தத் தோராயமே போதும்.

ஏற்பியை மீறி உள்ளே போகும் சயனைடுக்குச் சவ்வு தடையே இல்லை. வாயின் ஈரத்தில் அது மின்னேற்றமற்ற சிறு மூலக்கூறாகவே இருப்பதால் கொழுப்பு அடுக்கை எளிதாகக் கடக்கிறது. கடைசியில் அது தாக்கும் இடமும் ஒரு சவ்வுதான். மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பிடித்து, செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அது அடைக்கிறது. மரவள்ளியிலும் அதே நொதி உண்டு. ஆனால் சயனைடுக்கு அசையாத மாற்று நொதி ஒன்றையும், சயனைடைச் சிஸ்டீனோடு பிணைத்து அடக்கும் வழியையும் தாவரம் வைத்திருக்கிறது.

உடலிடமும் ஒரு வழி உண்டு. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களிலிருந்து கந்தகத்தை எடுத்து, ரோடனேஸ் என்ற நொதி சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. இதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ஒரு பகுதி உமிழ்நீருக்கு வருகிறது. அங்கே லாக்டோபெராக்சிடேஸ் என்ற நொதி அதை வாயின் பாக்டீரியாக்களை அடக்கும் பொருளாக்குகிறது. ஒரு செடியின் காவல் ஆயுதம் உருமாறி அதை மென்ற வாயின் காவலில் சேர்கிறது. புரதம் குறைந்த உணவோடு சரியாகப் பதப்படுத்தாத கிழங்கை மாதக்கணக்கில் தின்றால் இந்தக் கணக்கு தப்பிவிடும். காங்கோவில் 1938இல் விவரிக்கப்பட்டு, 1981இல் மொசாம்பிக்கில் பெருமளவில் தோன்றிய கொன்சோ என்ற கால் முடக்கு நோய் அப்படி வந்ததுதான். சேலத்துச் சமையலறையில் இதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். மலையாளிகள் கப்பை என்று அழைக்கும் இக்கிழங்கோடு மீன் குழம்பு சேர்ப்பதில் கந்தகக் கணக்கும் தற்செயலாக நேராகிவிடுகிறது.

எல்லா வாயும் சவ்வைக் கிழிப்பதில்லை என்பதையும் இந்த வட்டாரம் அண்மையில் கண்டது. 2020இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் காடுகளில் பரவியது. அதன் வாய் ஓர் ஊசி. செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாக நுழைந்து, சாறு செல்லும் குழாயை எட்டிக் குடிக்கிறது. செல்கள் அதிகம் கிழியாததால் சயனைடும் அதிகம் பிறப்பதில்லை. கடைசியில் அந்தப் பூச்சியைக் கட்டுப்படுத்த அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை விடவேண்டியிருந்தது; ஆத்தூருக்கு அருகேயுள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அந்த வேலையின் மையங்களில் ஒன்று. கடித்து உண்பதை வன்முறை என்றும் உறிஞ்சி உண்பதை மென்மை என்றும் பிரித்தால், காட்டையே அழிக்கும் மாவுப்பூச்சிக்கு அகிம்சைப் பட்டம் கொடுக்க வேண்டிவரும்.

கடிபடுவது உயிரா என்று கேட்டால், முதலில் உயிர் என்பதற்கு உள், வெளி என்ற பிரிவு வேண்டும். அந்தப் பிரிவைச் செய்வது சவ்வு. 1970களின் தொடக்கத்தில் சிலி நாட்டின் மாத்துரானாவும் வரேலாவும் உயிருக்கு வரையறை தேடியபோது, தன் எல்லையைத் தானே உண்டாக்கித் தானே பேணுவது என்ற இடத்துக்கு வந்தார்கள். தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலன்களால் வரிசைப்படுத்துகிறது. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். அவற்றுக்கு உள்ளது தொட்டறியும் அறிவு மட்டும். நத்தையும் சிப்பியும் ஈரறிவு உயிர்கள். அவை கூடுதலாகப் பெறுவது நாவின் அறிவு. மூக்கும் கண்ணும் செவியும் மனமும் அதற்கு மேலே படிப்படியாக வருகின்றன. முதல் படி தோல், இரண்டாம் படி வாய் என்ற இந்த வரிசை ஆழ்ந்த கவனிப்பிலிருந்து வந்தது. தாவரத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லையில் உணர்ச்சி உண்டு, பிறிதொன்றைச் சுவைத்து விழுங்கும் வாய் இல்லை. இதை வைத்து உயிரணு அறிவியலைத் தமிழர் முன்பே கண்டுவிட்டதாக மார்தட்டுவோர் உண்டு. அப்படிச் சொல்வது நூலுக்கும் அறிவியலுக்கும் ஒருசேர அநியாயம். மரபியல் வகைப்படுத்துகிறது, சோதிக்கவில்லை.

சமணமும் இதே ஏணியை ஏறக்குறைய இதே வரிசையில் வைத்தது. அதற்கு மேலும் ஓர் அடி போய், ஒரு தாவர உடலில் எத்தனை உயிர் என்று கேட்டது. ஓர் உடலில் ஓர் உயிர் குடியிருக்கும் தாவரம் பிரத்தியேகம். ஒரே உடலைப் பகிர்ந்து கணக்கற்ற உயிர்கள் ஒன்றாக உண்டு, ஒன்றாக மூச்சுவிடும் தாவரம் சாதாரணம். கிழங்குகள் இரண்டாம் வகையில் சேர்க்கப்படுகின்றன. ஆகவேதான் நோன்பு கடைப்பிடிக்கும் சமணர் மண்ணுக்கடியில் விளைவதைத் தவிர்க்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் இயற்றிய கோம்மடசாரம் இவ்வகையை அடையாளம் காணச் சில குறிகளைத் தருகிறது: நரம்பும் கணுவும் வெளித்தெரியாமை, முறித்தால் சமமாக முறிதல், நார் இல்லாமை, வெட்டினாலும் மீண்டும் முளைத்தல்.

மரவள்ளியை இந்தக் குறிகளின் முன் நிறுத்தினால் அது ஒரு பக்கமாக நிற்க மறுக்கிறது. வெட்டிய குச்சி மீண்டும் முளைக்கும். இந்தப் பயிர் விதையில் வருவதே அபூர்வம், கரணைக் குச்சியை நட்டுத்தான் காடு உண்டாகிறது. ஆனால் கிழங்கின் நடுவில் நார் ஓடுகிறது. உருளைக்கிழங்கைப்போல அதில் கண் இல்லை. செடியிலிருந்து பிரிந்த கிழங்கு தானாக முளைப்பதில்லை. தாவரவியல்படி அது தடித்த வேர். முளைக்கும் திறன் முழுவதும் தண்டில் இருக்கிறது, தின்னப்படுவது வேர். எட்டு, பத்து மாதப் பயிரைப் பிடுங்கும்போது விவசாயி கிழங்கை லாரிக்கு அனுப்புகிறார், குச்சியைக் கட்டி நிழலில் சாத்தி வைத்து அடுத்த நடவுக்கு எடுத்துக்கொள்கிறார். வேரோடு பிடுங்குவதால் ஓர் உயிர் முடிந்துபோகிறது என்ற வாதம் முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் பொருந்துவதுபோல் இதற்குப் பொருந்தாது. அப்படியானால் ஒரு காட்டில் இருப்பது எத்தனை உயிர்? ஒரே தாய்ச்செடியின் துண்டுகள்தான் பத்து ஏக்கரும் என்றால், அதை ஓர் உயிர் என்பதா, பல்லாயிரம் என்பதா? சமணர் எழுப்பிய எண்ணிக்கைக் கேள்வி வேடிக்கையானது என்று நினைப்போர் இந்தக் காட்டின் வரப்பில் நின்று விடை சொல்லிப் பார்க்கலாம்.

பௌத்தம் வேறு பாதையில் போனது. தம்மம்பட்டிக்கு வடகிழக்கே ஆத்தூர் வட்டாரத்துத் தியாகனூரில் இன்றும் இரண்டு பெரிய கல் புத்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இந்தச் சமவெளிக்கு அந்தச் சமயம் அந்நியமல்ல. பிக்குகளுக்கான விநய விதிகள் நிலத்தைத் தோண்டுவதையும் செடியைச் சேதப்படுத்துவதையும் குற்றமாக்கின. மரத்துக்கு உயிர் உண்டு என்று உலகத்தார் நம்புகிறார்கள், பிக்கு அதை வெட்டினால் பழிப்பார்கள் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். மரம் வலியை உணர்கிறது என்று அந்த விதி வாதிடவில்லை. தாவரங்களை அது வேரில் முளைப்பது, தண்டில் முளைப்பது, கணுவில் முளைப்பது, நுனிக் கொழுந்தில் முளைப்பது, விதையில் முளைப்பது என்று ஐந்தாகப் பிரிக்கிறது. முளைக்கும் திறன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எச்சரிக்கை. இந்த அளவுகோலில் மரவள்ளியின் குச்சி தொடக்கூடாதது, கிழங்கு குற்றமற்றது. சமணத்தின் விடைக்கு நேர் எதிர். பிற்காலப் பௌத்த தர்க்கவாதிகள் தாவரத்துக்கு உணர்வே இல்லை என்று வெளிப்படையாக வாதிட்டார்கள். மறுபிறப்பு எடுக்கும் வரிசையில் செடிக்கு இடமில்லை என்ற தங்கள் கோட்பாட்டைக் காப்பாற்ற அது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

தாவரத்துக்கும் உயிர் இருக்கிறதே, அதைத் தின்பவர் புலாலை மறுப்பதில் என்ன பொருள் என்று கேட்பது தேநீர்க்கடைவரை வந்துவிட்ட வாதம். மகாபாரதத்தின் வனபருவத்தில் மிதிலை நகரத்து இறைச்சி வியாபாரியான தர்மவியாதன் இதை ஒரு பிராமணரிடம் முழு வலுவோடு வைக்கிறார்: உழும் கலப்பை எத்தனையோ உயிரைக் கொல்கிறது, நெல் முதலான தானியங்களும் உயிரே. வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இந்தத் தடையைத் தானே எழுப்பி விடை சொல்கிறார். ஓரறிவு உயிரில் உயிர் விளக்கம் சிறு அளவே. விதை என்பது நிலத்தில் இட்டு நாமே உயிர் விளைவிக்கும்வரை சடம். தாவரத்தின் விளைவுகளை எடுப்பது உடலின் நகத்தையும் மயிரையும் நீக்குவது போன்றது என்பது அவர் நிலை. 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்து சோறு போட்டவருக்கு இந்த விடை தேவையாகவும் இருந்தது. எதை உண்ணலாம் என்று தீர்மானிக்காமல் அடுப்பு பற்றவைக்க முடியாது. ஆனால் நகத்தை வெட்டினால் நகம் நஞ்சைக் கக்குவதில்லை. கிழங்கு கக்குகிறது. நகத்தின் செல்கள் இறந்தவை. மரவள்ளி வேரின் செல்கள் கத்தி படும் நொடிவரை சவ்வுகளைப் பேணிக்கொண்டிருக்கும் உயிருள்ளவை. இந்த ஓர் இடத்தில் வள்ளலாரின் உவமை தளர்கிறது. அவருடைய முதல் காரணம், அதாவது உணர்வின் அளவில் படிநிலை உண்டு என்பது, தளரவில்லை.

எதிர்வினை இருப்பதாலேயே வலி இருக்கிறதா? கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தாவரங்களின் மின் துடிப்புகளைப் பதிவுசெய்து 1901இல் லண்டனில் காட்டியபோது, உயிருள்ளவற்றுக்கும் அல்லாதவற்றுக்கும் இடையே கோடே இல்லை என்ற அளவுக்குப் போனார். 1917இல் அவர் நிறுவிய ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. அவர் அளந்த துடிப்புகள் உண்மையானவை. அவற்றிலிருந்து அவர் எட்டிய முடிவு அதிகப்படியானது. 2018இல் ஜப்பானியரான டொயோட்டாவும் அமெரிக்காவின் கில்ராயும் அவர்கள் குழுவினரும் கடுகுக் குடும்பச் செடியொன்றில் இதை ஒளியாகவே காட்டினார்கள். புழு ஓர் இலையைக் கடித்ததும், கிழிந்த செல்களிலிருந்து குளுட்டமேட் கசிகிறது. அண்டைச் செல்களின் சவ்விலுள்ள ஏற்பிகள் அதைப் பிடிக்கின்றன. கால்சிய அலை ஒன்று எழுந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தொலைவிலுள்ள இலையை எட்டுகிறது. அந்த ஏற்பிகளும் மனித மூளையின் குளுட்டமேட் ஏற்பிகளும் உறவுக்காரப் புரதங்கள். செடியில் காயத்தின் அறிவிப்பாகக் கசியும் அதே குளுட்டமேட் மனித நாக்கில் ருசியாக உணரப்படுகிறது. கிழிந்த சவ்வின் ஒரு பக்கத்தில் அபாயச் செய்தி, மறுபக்கத்தில் சுவை.

இதிலிருந்து செடி துன்புறுகிறது என்று தாவ முடியாது. டைஸ் முதலிய தாவரவியலாளர்கள் 2019இல் வெளியிட்ட மறுப்பு சரியான இடத்தைத் தொட்டது: நரம்பணுக்களும் அவற்றை ஒருங்கிணைக்கும் மூளை போன்ற அமைப்பும் இல்லாத உடலில், செய்தி போவதை உணர்வு என்று அழைக்க அடிப்படை இல்லை. மரவள்ளியின் நஞ்சு இதற்குக் கூடுதல் சான்று. லினமாரினும் நொதியும் கலக்க எந்த முடிவும், எந்தச் செய்தியும் தேவையில்லை. சவ்வு கிழிந்தால் இரண்டு பொருள்கள் சேர்வது மட்டுமே. செத்த கிழங்கை அரைத்தாலும், நொதி கெடாதிருக்கும் வரை சயனைடு வரும். வலியில்லாத தற்காப்பு சாத்தியம் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. மேலும் அந்தத் தற்காப்பு, கிழிந்த செல்லைக் காப்பதே இல்லை. கடித்த வாயை அடுத்த கிழங்கிலிருந்து விலக்குவதுதான் அதன் பயன். காப்பாற்றப்படும் ‘தான்’ எது என்று கேட்டால், செல்லும் அல்ல, வேரும் அல்ல, குச்சியாக வெட்டி வெட்டித் தொடரும் அந்த வம்சம்.

ஆக, உயிரா என்ற கேள்வியும் துன்புறுமா என்ற கேள்வியும் ஒன்றல்ல. சமணம் முதலாவதைக் கேட்டது. அதற்கு விடை ஆம், சவ்வு இருக்கும்வரை ஆம். வள்ளலாரும் இன்றைய அறிவியலும் இரண்டாவதை நோக்கிப் பேசுகிறார்கள். தாவரத்தைப் பொறுத்தவரை கிடைத்திருக்கும் சான்று ‘இல்லை’ என்ற பக்கமே சாய்கிறது. தேநீர்க்கடை வாதம் முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதன் மேல் ஒட்டுகிறது. ஆட்டின் கழுத்தையும் கிழங்கின் தோலையும் அது ஒரே தட்டில் வைப்பது அதனால்தான்.

இந்தப் பட்டையின் கிழங்கில் பெரும்பங்கு வாய்க்கு நேராகப் போவதில்லை, சேகோ ஃபேக்டரிக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசிய ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943இல் சேலத்து மாணிக்கம் செட்டியார் தொடங்கிய தொழில் இது. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவாகச் சேகோசர்வ் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலையில் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, இயந்திரத்தில் அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுகிறார்கள். எந்தப் பல்லாலும் முடியாத அளவுக்குச் செல்சவ்வுகள் இங்கே கிழிகின்றன. பிறக்கும் சயனைடு கழுவு நீரோடும் காற்றோடும் போகிறது, நாரெல்லாம் திப்பியாக ஒதுங்குகிறது, அடியில் படிந்த மாவு குருணையாகி, வறுபட்டோ ஆவியில் வெந்தோ, சிமென்ட் களத்தில் காய்கிறது. மிஞ்சுவது மாவுச்சத்து மணிகள்; செல் இல்லை, சவ்வு இல்லை, லினமாரின் அநேகமாக இல்லை.

இதன் பெரிய சந்தை மகாராஷ்டிரம், குஜராத் முதலிய மாநிலங்கள். அங்கே ஏகாதசியிலும் நவராத்திரியிலும் தானியத்தை விலக்குவோர் ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடி உண்டு விரதம் காக்கிறார்கள். தானிய விலக்கு விதிக்கப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் இல்லாத செடி, விலக்குப் பட்டியலிலும் இல்லை. அந்த இடைவெளி வழியாக அது விரத உணவானது. அதே மாநிலங்களின் சமணக் குடும்பங்கள் பலவற்றில் ஜவ்வரிசி அடுக்களைக்குள் வருவதில்லை. உயிரின் தடமே இல்லாத வெள்ளை மணியை அவர்கள் ஏன் விலக்க வேண்டும் என்று கேட்கலாம். சமண விதி பார்ப்பது தட்டில் இருக்கும் பொருளை மட்டுமல்ல. அந்தப் பொருளுக்காக மண் தோண்டப்பட்டதா, எத்தனை உயிர்கள் குடியிருந்ததாகக் கருதப்படும் உடல் அறுபட்டது, அதைத் தூண்டியது யாருடைய தேவை என்பதையும் சேர்த்தே அது பார்க்கிறது. கழுவுவதோ வறுப்பதோ அந்தக் கணக்கில் எதையும் குறைக்காது.